கற்ற கையும் விட்ட காலமும்

கல்வி அழியாச் செல்வம் என்று இளமை முதலே கேட்டு வளர்ந்தவர்கள் நாம். பொருளைத் திருடலாம், நிலத்தைப் பறிக்கலாம், ஆனால் கற்ற கல்வியை யாரும் எடுத்துச் செல்ல இயலாது என்று சொல்லியே நம் பெற்றோர் நம்மைப் பள்ளிக்கு அனுப்பினர். ஊரையும் உறவையும் விட்டுத் தொலைவிலுள்ள மாநிலங்களுக்குப் பிழைக்க வந்த தமிழருக்கு இந்த நம்பிக்கை பெரியதோர் ஆறுதல். பெட்டியில் எதைக் கொண்டுவந்தோமோ இல்லையோ, கற்றதைக் கொண்டுவந்தோம் என்ற துணிவினால்தான் நம்மில் பலர் புது ஊரில் காலூன்றினோம்.

இந்த நம்பிக்கை முழுமையும் உண்மைதானா என்பதை இன்று சற்று ஆராய விரும்புகிறேன். கல்வி இருவகைப்படும். ஒன்று அறிவில் தங்குவது. மற்றொன்று கையிலும் நாவிலும் தங்குவது. முதல்வகைக் கல்வி, மறந்தாலும் நூலைத் திறந்தால் பெரும்பாலும் திரும்பக் கிடைக்கும். இரண்டாம் வகைக் கல்வியோ வழங்கிக்கொண்டிருக்கும் வரையில்தான் நம்முடையது. கைப்பழக்கத்தையும் நாப்பழக்கத்தையும் நம் முன்னோர் சேர்த்தே பேசியதன் கருத்து இதுவாகவே இருத்தல் வேண்டும். இக்கருத்தைச் சத்திர சிகிச்சை எனப்படும் அறுவை மருத்துவத்தில் வைத்துப் பார்ப்பது இன்றியமையாதது. அங்கே பழக்கம் தளர்ந்தால் கெடுவது ஒரு சித்திரமோ செய்யுளோ அன்று. ஒருவருடைய உடல், சில வேளைகளில் உயிர்.

முதலில் நாவைப் பற்றி ஒரு செய்தி. நான் வாழும் கிடர்பூர் கொல்கத்தாவின் துறைமுகப் பகுதி. 1892ஆம் ஆண்டு இங்கே கப்பல்துறை திறக்கப்பட்டது. அதைச் சுற்றிப் பல மாநிலத்தவரும் வந்து குடியேறினர். கிடர்பூருக்கு வேறொரு பெருமையும் உண்டு. வங்கக் கவிஞர்களான ரங்கலாலும், ஹேமசந்திரரும், மைக்கேல் மதுசூதன தத்தரும் இப்பகுதியில் வாழ்ந்தவர்கள். இவர்களுள் மதுசூதன தத்தர் நம்மவர் சிறப்பாக அறிந்துகொள்ளத் தக்கவர். ஏனெனில், நாம் தமிழகத்தை விட்டு வங்கத்துக்கு வந்ததுபோல, அவர் வங்கத்தை விட்டு 1848இல் சென்னைக்குச் சென்றார். எட்டாண்டுகள் அங்கே ஆசிரியராகவும் பத்திரிகையாளராகவும் காலங்கழித்தார். ஆங்கிலத்தில் கவிதை எழுதினார். வடமொழி, தெலுங்கு, கிரேக்கம் முதலிய மொழிகளைப் பயின்றார். ஆனால் பேசுவதற்கும் எழுதுவதற்கும் வாய்ப்பில்லாத தாய்மொழி அவரிடமிருந்து நழுவத் தொடங்கிற்று. தம் வங்காளி மொழி மிக விரைவாக மறந்துபோகிறது என்றும், வங்காளியிலுள்ள இராமாயண பாரத நூல்களை அனுப்பி உதவ வேண்டும் என்றும் கல்கத்தாவிலிருந்த நண்பர் கௌர்தாஸ் பைசாக்குக்கு அவர் சென்னையிலிருந்து கடிதம் எழுதினார்.

பின்னர் நடந்தது நாம் எண்ணிப்பார்க்கத் தக்கது. 1856இல் கல்கத்தாவுக்குத் திரும்பியவர், காவல் நீதிமன்றத்தில் பணியில் அமர்ந்தார். 1858இல் ‘ரத்னாவளி’ நாடகத்தை ஆங்கிலத்தில் பெயர்த்தார். அடுத்த ஆண்டு வங்காளியிலேயே ஒரு நாடகம் எழுதினார். 1861இல் ‘மேகநாத வதம்’ என்னும் பெருங்காவியம் வெளிவந்தது. மொழி நழுவுகிறது என்று அஞ்சியவரே அம்மொழியின் தலைசிறந்த கவிஞர்களுள் ஒருவரானார். அவர் தம் இழப்பை உணர்ந்தார். அதை மறைக்காமல் நண்பரிடம் சொன்னார். வேண்டிய நூலைக் கேட்டார். சிறியதிலிருந்து பெரியதற்குப் படிப்படியாக ஏறினார். இந்த ஒழுங்கு நினைவில் இருக்கட்டும். அறுவை மருத்துவருக்கும் வழி இதுவே.

இனிக் கையின் செய்திக்கு வருவோம். அறுவை மருத்துவர் ஒருவருடைய திறமை மூன்று கூறுகளால் ஆயது. உடலின் அமைப்பு இன்னது, நோய் இன்னது, செய்ய வேண்டிய முறை இன்னது என்று அறிவது ஒன்று. கத்தியை எவ்வளவு ஆழத்தில் ஓட்டுவது, ஊசியை எந்தச் சாய்வில் செலுத்துவது, முடிச்சை எவ்வளவு இறுக்குவது என்னும் கைநிதானம் மற்றொன்று. எப்பொழுது மேலே செல்வது, எப்பொழுது நிறுத்துவது, எப்பொழுது மூத்தவரைத் துணைக்கு அழைப்பது என்று கணப்பொழுதில் முடிவு செய்யும் மதி மூன்றாவது. முதலாவதை நூலிலிருந்து பெறலாம். மற்ற இரண்டும் நோயாளியின் அருகில், ஆசிரியரின் கண்ணெதிரில், பலநூறு முறை செய்து செய்தே வருவன.

இவ்வாறு வந்த திறமை, பயிற்சியிலிருந்து விலகியிருக்கும் காலத்தில் என்னவாகிறது? பிரித்தானிய நாட்டின் பொது மருத்துவ மன்றம் இப்பொருள் பற்றிய ஆய்வுகளைத் தொகுத்து 2014இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. 6 முதல் 18 மாதங்கள் வரையிலான இடைவெளிகளில் மருத்துவத் திறன்கள் தேய்கின்றன என்றும், அத்தேய்வு தொடக்கத்தில் விரைவாகவும் பின்னர் மெதுவாகவும் நிகழ்கிறது என்றும் அது கூறுகிறது. முன்பு எவ்வளவு நன்றாகக் கற்றிருந்தாரோ அவ்வளவுக்கு இழப்பும் குறைவு என்பது அதனால் விளங்கும் மற்றோர் உண்மை. அரைகுறையாகக் கற்று விலகியவரே மிகுதியும் இழப்பர். ஆகவே இடைவெளியின் சுமை தேர்ந்த மருத்துவரைவிடப் பயிற்சி மாணவர்மேல்தான் கனமாக விழுகிறது.

எல்லாத் திறனும் ஒரே வகையில் தேய்வதில்லை. நீந்தக் கற்றவரும் சைக்கிள் ஓட்டக் கற்றவரும் பல்லாண்டு கழித்தும் அதை முற்றும் மறப்பதில்லை. உடல் முழுவதும் இடையறாது இயங்கும் செயல்கள் அவை. இதன்பின் இது, அதன்பின் அது என்று வரிசை மாறாமல் செய்ய வேண்டிய செயல்களோ விரைவில் மறக்கின்றன. நாடி நின்றவருக்கு மார்பை அழுத்தி உயிர்ப்பிக்கும் முதலுதவியைக் கப்பல்துறையிலும் ஆலைகளிலும் பணிபுரியும் நேயர்களில் சிலர் கற்றிருக்கக் கூடும். அத்திறன் 3 முதல் 6 மாதங்களுக்குள்ளேயே தளரத் தொடங்குகிறது என்பது பல ஆய்வுகளின் முடிவு. அறுவையோ இத்தகைய வரிசைச் செயல்கள் பல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பெற்ற ஒரு தொழில். அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து இதய அறுவை மருத்துவர்களின் பதிவுகளை ஆராய்ந்து 2014இல் வெளிவந்த கட்டுரையொன்று, அறுவைக்கூடத்தை விட்டு விலகியிருந்த நாள் கூடக்கூட நோயாளி இறக்கும் வாய்ப்பும் சிறிது கூடுவதாகக் கண்டது. மாதக்கணக்கன்று, நாட்கணக்கிலேயே இவ்வேறுபாடு தெரிந்தது என்பதைக் கவனிக்க வேண்டும்.

இதில் இன்னுமோர் இடர் உண்டு. கை தளர்ந்ததை அந்தக் கைக்குரியவரே உணராமலிருக்கலாம். மருத்துவர்கள் தம் திறமையைத் தாமே மதிப்பிடுவது, பிறர் அளந்து காணும் மதிப்போடு பெரும்பாலும் ஒத்துவருவதில்லை என்று 2006இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு காட்டியது. இது அவர்களுடைய நேர்மைக் குறைவினால் நேர்வதன்று. நினைவில் முறை தெளிவாக இருக்கிறது. ஆகவே கையும் அவ்வாறே இருக்கும் என்று மனம் எண்ணிக்கொள்கிறது. பல்லாண்டாகத் தமிழ் எழுதாத ஒருவர், எழுதுகோலை எடுத்தவுடன் எழுதிவிடலாம் என்று எண்ணுவதும், உட்கார்ந்தபின் ஒரு கடிதத்தை முடிக்க இயலாமல் தயங்குவதும் நமக்குப் புதியதன்று.

தனிமனிதருக்கு நேர்வது ஒரு சமுதாயத்துக்கும் நேரும். அதற்குச் சான்று நம் நாட்டு வரலாற்றிலேயே இருக்கிறது. சத்திர சிகிச்சை பற்றிய பழம்பெரும் நூலாகிய சுசுருத சங்கிதையில் பயிற்சிக்கென்றே ஓர் அத்தியாயம் அமைந்துள்ளது. நூலை முற்றும் ஓதியவனேயாயினும் கைப்பயிற்சி இல்லாதவன் தொழிலுக்குத் தகுதியற்றவன் என்பது அதன் கொள்கை. கீறும் முறையைப் பூசணி, சுரை, வெள்ளரி போன்ற காய்களிலும், சுரண்டும் முறையை மயிர் நீக்காத தோலிலும், துளைத்துப் பார்க்கும் முறையைப் புழு அரித்த மரத்திலும், தைக்கும் முறையைத் தடித்த துணியிலும் மென்தோலிலும், கட்டும் முறையைப் பாவைகளிலும் பயில வேண்டும் என்று அது வகுக்கிறது. இறந்தார் உடலை ஓடும் நீரில் இட்டு வைத்துப் பின்னர் உறுப்புகளை ஆராயும் முறையும் அதில் கூறப்பட்டுள்ளது.

நூல் அழியவில்லை. ஏடுகள் படியெடுக்கப்பட்டன, உரைகள் எழுதப்பட்டன, மாணவர்கள் மனப்பாடம் செய்தார்கள். ஆயினும் நூல் கற்ற வைத்தியர்களிடையே கத்தி பிடிக்கும் வழக்கம் காலப்போக்கில் அருகிவிட்டது. உடலைத் தொடுவது தீட்டு என்ற எண்ணம் முதலாகக் காரணங்கள் பல கூறப்படும். எக்காரணத்தாலாயினும், கை நின்றபின் நூல் மட்டும் தலைமுறை தலைமுறையாக ஓதப்பட்டு வந்தது.

வியப்பு என்னவெனில், நூல் கல்லாதாரிடத்தில் அக்கலையின் ஒரு பகுதி உயிரோடிருந்தது. திப்பு சுல்தானோடு நடந்த போரில் ஆங்கிலப் படைக்கு வண்டி ஓட்டிய காவாஸ்ஜி என்பவர் சிறைப்பட்டு மூக்கறுபட்டார். புனே நகரில், நெற்றித் தோலைத் திருப்பி மடித்து அவருக்குப் புதிய மூக்கு அமைத்தார் ஒருவர். அவர் செங்கல் அறுக்கும் குலத்தவர் என்று அக்காலக் குறிப்பு கூறுகிறது. இச்செய்தி 1794இல் லண்டன் பத்திரிகையொன்றில் படத்துடன் வெளிவந்தது. அதைக் கண்ட ஜோசப் கார்ப்யூ என்ற ஆங்கில மருத்துவர், படித்தது போதும் என்று உடனே நோயாளியின்மேல் கைவைக்கவில்லை. பிணங்களின்மேல் பலகாலும் பயின்று பார்த்து, 1814ஆம் ஆண்டிலேதான் உயிருள்ள ஒருவருக்கு அச்சிகிச்சையைச் செய்தார். புனேயில் தந்தையிடமிருந்து மகனுக்குக் கைவழியாக வந்த கலை பிழைத்திருந்தது. ஏட்டின் வழியாக மட்டும் வந்த கலை ஏட்டிலேயே நின்றுவிட்டது. அக்கலை நம் நாட்டு வைத்தியரிடம் திரும்பிவரும் வழி இதே கல்கத்தாவில் திறந்தது. அவ்வழியைத் திறந்தவர் பெயரும் மதுசூதனர் என்பதே.

மதுசூதன குப்தர் வைத்தியர் குடியில் தோன்றியவர். வடமொழிக் கல்லூரியில் வைத்தியம் கற்பித்தவர். ஹூப்பர் என்பவருடைய ஆங்கில உடலமைப்பு நூலை வடமொழியில் பெயர்த்தவர். 1835இல் கல்கத்தா மருத்துவக் கல்லூரி நிறுவப்பட்டது. அடுத்த ஆண்டு, 1836இல், அவர் அக்கல்லூரியில் மனித உடலொன்றை அறுத்து ஆராய்ந்தார். சமூகத்தின் பழிக்கு அஞ்சாமல் செய்த அச்செயலைச் சிறப்பிக்கக் கிடர்பூருக்கு அருகிலுள்ள வில்லியம் கோட்டையில் பீரங்கி முழங்கியதாக ஒரு வழக்கும் உண்டு. முழங்கியதோ இல்லையோ, செயலின் பெருமை பெருமையே. நானும் மொழிபெயர்ப்பைத் தொழிலாகக் கொண்டவன். ஆகவே இதில் ஒன்று என் மனத்தைத் தொடுகிறது. உடலமைப்பு நூலை மொழிபெயர்த்த அறிஞருக்கே அம்மொழிபெயர்ப்பு போதவில்லை. நூலை ஒரு மொழியிலிருந்து மற்றொரு மொழிக்குக் கொண்டுவரலாம். கைத்திறனை அவ்வாறு கொண்டுவர இயலாது என்பதை அவர் அறிந்திருந்தார்.

தமிழிலும் இதற்கு எடுத்துக்காட்டு உண்டு. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் பணிபுரிந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், மேனாட்டு மருத்துவ நூல்களைத் தமிழாக்கும் பெரும்பணியை நடத்தினார். ‘இரண வைத்தியம்’ என்னும் சத்திர சிகிச்சை நூல் 1867இல் அவ்வாறு வெளிவந்தது. தமிழிலேயே மருத்துவம் கற்பித்த அவர், நூலோடு நில்லாமல் மாணவரை மருத்துவமனையில் நோயாளியின் பக்கத்திலேயே நிறுத்திப் பழக்கினார்.

இப்பழங்கதைகளை எடுத்துரைத்ததற்குக் காரணம், இதே இடர் நம் காலத்தில் புதிய வடிவில் வந்ததுதான். 2020ஆம் ஆண்டில் கொரோனாப் பெருந்தொற்று பரவியபொழுது, உடனடியாகச் செய்ய வேண்டாத அறுவைகளெல்லாம் உலகெங்கும் ஒத்திவைக்கப்பட்டன. தொற்று உச்சத்திலிருந்த 12 வாரங்களில் மட்டும் 2 கோடியே 84 லட்சம் அறுவைகள் தள்ளிப்போயிருக்கலாம் என்று பன்னாட்டு மருத்துவர் குழுவொன்று மதிப்பிட்டது. மதுசூதன குப்தர் கத்தி பிடித்த அதே கல்கத்தா மருத்துவக் கல்லூரி, 2020 மே மாதத்தில் கொரோனா நோயாளிகளுக்கான மருத்துவமனையாக மாற்றப்பட்டது. குடலிறக்கமும், பித்தப்பைக் கல்லும், எலும்பு முறிவும் கொண்டு வந்தவர்கள் வேறு இடங்களைத் தேட வேண்டியதாயிற்று. அறுவை பயில வந்த மாணவர்கள் காய்ச்சல் வார்டுகளில் பணிபுரிந்தனர். அவ்வாண்டு ஜூலை மாதத்தில் அக்கல்லூரியின் ஜூனியர் டாக்டர்கள் கிளர்ச்சி செய்தனர். பிற நோயாளிகளுக்கும் கதவு திறக்கப்பட வேண்டும் என்பதும், தங்கள் பயிற்சி பாழாகிறது என்பதும் அவர்கள் முன்வைத்த முறையீடு.

கொள்ளை நோயின் நடுவே பயிற்சியைப் பற்றிப் பேசுவது தன்னலமன்றோ என்று அன்று சிலர் நினைத்திருக்கலாம். வீடு தீப்பற்றி எரியும்போது எல்லோரும் தண்ணீர்க்குடம் எடுக்கத்தான் வேண்டும்; அதில் ஐயமில்லை. ஆனால் அறுவை மருத்துவத்தில் முதுநிலைப் படிப்பு மூன்றே ஆண்டுகள். அதில் சில மாதங்கள் போனால் போனவைதாம். அம்மாணவர் தேர்வெழுதி, பட்டம் பெற்று, ஏதோ ஒரு மாவட்ட மருத்துவமனையில் தனியே அறுவைக்கூடத்தில் நிற்கும் நாளில், அவர் முன் கிடப்பவருக்கு அந்த மாதங்களின் கணக்கு தெரியாது. எனவே அவ்விளைஞர்கள் கேட்டது தங்களுக்காக மட்டுமன்று. பின்னர் வரப்போகும் நோயாளிகளுக்காகவும் கேட்டார்கள் என்பதே என் கருத்து.

மற்றொரு நிகழ்ச்சி நம்மவர் பலர் குடும்பங்களையே தொட்டது. 2022 பிப்ரவரி மாத இறுதியில் உக்ரைன் நாட்டில் போர் மூண்டபொழுது, அங்கே மருத்துவம் பயின்ற ஆயிரக்கணக்கான இந்திய மாணவர்கள் நாடு திரும்பினர். தமிழ்நாட்டு மாணவரும் வங்காள மாணவரும் அவர்களுள் பலர். மேற்கு வங்க அரசு தன் மாநில மாணவர் நானூற்றுவருக்கு மேற்பட்டோரைத் தன் கல்லூரிகளில் பயிற்சிக்கு அமர்த்த முன்வந்தது; ஆயின் தேசிய விதிகள் அதற்கு இடந்தரவில்லை. பாடங்கள் கணினித் திரையில் தொடர்ந்தன. திரையில் பார்த்து நோயாளியின் வயிற்றைத் தொட்டறிய இயலுமா? 2022 ஜூலை மாதத்தில் தேசிய மருத்துவ ஆணையம் ஓர் அறிவிப்பு வெளியிட்டது. இறுதியாண்டில் இவ்வாறு திரும்பி வந்து பட்டத்தை முடித்தவர்கள் தகுதித் தேர்வு எழுதலாம். ஆனால் அதில் தேறியபின் ஓராண்டுக்குப் பதிலாக ஈராண்டு ஹவுஸ் சர்ஜன் பயிற்சி பெற வேண்டும் என்றது அவ்வறிவிப்பு. ஓராண்டு கூடுதலாகிறதே என்று பெற்றோர் மனம் வருந்தியது இயல்பே. ஆயினும் இழந்தது இவ்வளவு என்று கணக்கிட்டு, அதை ஈடுசெய்யும் வழியை விதியிலேயே எழுதியது அங்கே என்பதை நாம் மறுக்க இயலாது.

இவ்வாறு கணக்கிடும் வழக்கம் அறுவை மருத்துவத்தில் பொதுவாக இல்லை. விமான ஓட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். முந்தைய 90 நாட்களுக்குள் மூன்று முறையேனும் விமானத்தை ஏற்றியும் இறக்கியும் பழகியிராதவர் பயணிகளை ஏற்றிச் செல்லலாகாது என்பது விதி. பழக்கம் விட்டுப்போனால் மாதிரிக் கூண்டில் அமர்ந்து மீண்டும் பழகிவர வேண்டும். அதை எந்த விமானியும் இழிவாகக் கருதுவதில்லை. மருத்துவருக்கோ, ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம் தொடர்கல்வி பெற வேண்டும் என்று 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவ மன்ற ஒழுங்குமுறை கூறியது. அம்மணி நேரம் பெரும்பாலும் சொற்பொழிவு கேட்கும் நேரமே. செவி கேட்டதற்குக் கணக்கு உண்டு; கை செய்ததற்குக் கணக்கு இல்லை.

இடைவெளி வராமலே தடுத்துவிடலாகாதா என்று கேட்கலாம். அது இயலாது, விரும்பத்தக்கதும் அன்று. மகப்பேற்றுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு என்று 2017ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டம் வகுத்தது. அது பெண்ணின் உரிமை. நோய்வாய்ப்படுதல், பெற்றோரைப் பேணுதல், ஆராய்ச்சிக்குச் செல்லுதல், அரசுப்பணி உடன்பாட்டின்படி அறுவைக்கூடமோ மயக்க மருந்து வல்லுநரோ இல்லாத இடத்தில் பணிபுரிதல் என எத்தனையோ காரணங்களால் கை ஓய்ந்திருக்க நேரும். விலகியது குற்றமன்று. விலகவே இல்லை என்பதுபோல் மறுநாளே பழைய பணியை ஏற்பதும், ஏற்கும்படி வற்புறுத்துவதும்தான் தவறு.

மகப்பேறு முடிந்து ஆறு மாதம் கழித்துத் திரும்பும் இளம் பெண் மருத்துவர் ஒருவரை எண்ணிப் பாருங்கள். முதல் வாரத்திலேயே இரவுப் பணியில் தனியாக அறுவை செய்யச் சொன்னால், அவர் என்ன செய்வார்? கை சற்றுத் தயங்குகிறது என்று சொன்னால், பெண்களே இப்படித்தான் என்று பேசுவார் உண்டு. சொல்லாவிட்டால் நோயாளிக்கு இடர். இந்த இரண்டுக்கும் நடுவே அவரை நிறுத்துவது நியாயமாகாது. பிரித்தானிய மருத்துவக் கல்விக் கழகங்கள் 2012இல் வகுத்த வழிகாட்டுதலின்படி, மூன்று மாதமோ அதற்கு மேலோ விலகியிருந்தவர் திரும்பும்பொழுது அவருக்கென்று ஒரு திட்டம் வகுக்க வேண்டும். எவ்வளவு காலம் விலகியிருந்தார், எதை எதை மீண்டும் பழக வேண்டும், யார் உடனிருப்பார் என்பவற்றை முன்னரே பேசி முடிவு செய்கின்றனர். எல்லோருக்கும் பொதுவான விதியாகிவிட்டால், கேட்பதில் நாணம் இல்லை.

இது பெருஞ்செலவு பிடிக்கும் செயலும் அன்று. கற்றதை மறந்தாலும், மீண்டும் கற்கும்பொழுது முதல்முறைக்கு வேண்டிய காலம் வேண்டுவதில்லை. நினைவாற்றலை ஆராய்ந்த ஜெர்மானிய அறிஞர் எப்பிங்ஹாஸ் 1885லேயே இதை அளந்து காட்டினார். கை முற்றிலும் மறப்பதில்லை. அதை எழுப்ப வேண்டும், அவ்வளவே. பெருந்தொற்றுக் காலத்தில் மாணவர் பலர் மேசைக் கைப்பிடியில் நூல் கட்டி முடிச்சுப் பழகினர். வாழைப்பழத் தோலைக் கீறித் தைத்தனர். அட்டைப் பெட்டிக்குள் கைபேசியைப் பொருத்தி, துளைவழி அறுவைக்குரிய கருவிகளைக் கையாண்டு பார்த்தனர். சுசுருதர் காட்டிய பூசணியும் சுரையும் வேறு உருவில் திரும்பி வந்தன. அதன்பின் துணை நின்று பார்ப்பது, பிறகு மூத்தவர் அருகிலிருக்கச் சிறிய அறுவையைச் செய்வது, பின்னரே பெரியதைத் தனியே ஏற்பது என்று படிப்படியாகச் சென்றால் போதும். வேண்டுவது சில வாரங்களும், பொறுமையுள்ள ஓர் ஆசிரியரும்.

நேயர்களே, இதில் நமக்கும் பங்கு உண்டு. கிடர்பூரில் வாழ்பவருக்குப் பெரிய நோய் வந்தால் டாலி நாலாவைக் கடந்து பி.ஜி. மருத்துவமனைக்குத்தான் ஓடுகிறோம். வேறு மாநிலங்களில் இருப்போருக்கும் இத்தகைய அரசு மருத்துவமனையே கதி. பணமுள்ளவர் மருத்துவரைத் தேர்ந்தெடுக்கலாம். கூலி வேலை செய்பவர், அன்று யார் பணியில் இருக்கிறாரோ அவரிடமே தம்மை ஒப்படைக்கிறார். பயிற்சியின் இடைவெளி முதலில் சென்று தாக்குவது இவரைத்தான். ஆகவே இவ்வறுவையை நீங்கள் அண்மையில் செய்திருக்கிறீர்களா, மூத்த மருத்துவர் உடனிருப்பாரா என்று பணிவோடு கேட்பது நோயாளியின் உரிமை. நல்ல மருத்துவர் அதற்குச் சினங்கொள்ள மாட்டார். மொழி தெரியாத ஊரில் அக்கேள்வியைக் கேட்கத் தெரியாத நம்மவருக்கு, மொழி தெரிந்தவர் உடன் சென்று உதவுவது பெரிய தொண்டு.

நம் வீட்டுப் பிள்ளைகள் மருத்துவம் பயில்வாராயின், அவர்களுக்கும் ஒரு சொல். நீண்ட விடுப்புக்குப் பின் திரும்பும் மகளையோ மருமகளையோ, எல்லாம் முன்போல் முடியும் என்று விரட்டாதீர்கள். மேற்படிப்பு நுழைவுத் தேர்வுக்காக ஆண்டுக்கணக்கில் அறைக்குள் அமர்ந்து வினாவிடை படிக்கும் மகனிடம், வாரத்தில் சில நாளேனும் ஒரு மருத்துவமனையில் கைப்பழக்கத்தை விடாதிருக்கச் சொல்லுங்கள். தேர்வுத்தாள் கேட்பது அறிவை. அறுவை மேசை கேட்பது கையை.

சென்னையில் இருந்துகொண்டு தம் வங்காளி நழுவுகிறதே என்று மதுசூதன தத்தர் கவலைப்பட்டதைச் சொன்னேன். வங்கத்தில் இருந்துகொண்டு தமிழ் நழுவுவதை நாம் அறிவோம். தமிழ் பேசத் தெரியும், எழுத வராது என்னும் பிள்ளைகள் நம் வீடுகளில் உள்ளனர். அவர்களைக் கடிந்து பயனில்லை. மாதம் ஒருமுறை பாட்டிக்கு ஒரு கடிதம் எழுதச் செய்யுங்கள். பிழையிருந்தாலும் அஞ்சலில் சேர்த்துவிடுங்கள். அடுத்த கடிதத்தில் பிழை குறையும்.